நான்கு நிமிடம் நான் கேட்ட அனுமதி

என் நடுங்கும் குரலையும் நம்பி ஒலிவாங்கியைத் தந்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே! ஆண்டுதோறும் திறந்தவெளியில் இசை வெள்ளத்தை ஓடவிடும் விழாக் குழுவின் செயலர் அவர்களே! வாயிலில் நின்று வெயிலை வாங்கிய காவலர்களே! தூக்குப்படுக்கை சுமந்து தோள் காய்த்த தொண்டர்களே! பிள்ளைகளைக் கச்சேரிக்கு அனுப்பிவிட்டுக் கைப்பேசியைப் பிடித்தபடி காத்திருக்கும் தாய்மார்களே! என்னைவிட மூத்தவர்கள் யாரேனும் வந்திருந்தால், பெரியோர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"சத்தமாப் பேசுங்க ஐயா!" என்கிறது பின்வரிசை. ஒலிவாங்கி நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. பழுது என் தொண்டையில். இருபத்தாறு ஆண்டுகளாகக் கச்சேரி மைதானத்தின் கண்காணிப்புக் கோபுரத்தின் மேல் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்தவன் நான். கூட்டம் என்னைப் பார்ப்பது இதுவே முதல் முறை. ஐந்து தாளில் எழுதி, எண் போட்டு எடுத்து வந்திருக்கிறேன். மூன்றாம் தாளை மட்டும் இரண்டு முறை மடித்து வைத்திருக்கிறேன்.

சற்று முன் இந்தப் பாராட்டுப் பத்திரத்தைத் தந்தார்கள். "சென்ற ஆண்டுக் கச்சேரியில் ஆபத்தைக் கண்ட கணமே நிகழ்ச்சியை நிறுத்தியவர்" என்று பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். "கண்ட கணமே." இந்த இரண்டு சொற்களும் பொய். அச்சிட்டவர்கள் குழுவினர். ஆனால் அப்படி அறிக்கை எழுதிக் கொடுத்தவன் நான்.

சலசலப்பு கேட்கிறது. பொறுங்கள். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

எங்கள் வேலை என்ன? பாட்டைக் கேட்காமல் கூட்டத்தைக் கேட்பது. மைதானத்தின் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து மடியில் வைத்திருப்போம். தொலைநோக்கியில் தலைகளை எண்ணுவோம். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நின்றால் ஆட்டம். ஐந்து பேர் நின்றால் அவதி. ஆறு பேர் நின்றால் ஆபத்து. ஏழு பேர் நின்றால்? அங்கே மனிதர்கள் நிற்பதில்லை, தண்ணீர் நிற்கிறது. ஒருவர் சாய்ந்தால் நூறு பேர் சாய்வார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. ஆனால் எல்லோரும் தள்ளப்படுகிறார்கள்.

அன்று மாலை நான்கு மணி. நல்ல வெயில். மேடைக்கு வலப்பக்கம் இருந்த பெரிய திரை திடீரென அணைந்தது. திரை தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? தெரிகிற பக்கம் நகர்ந்தார்கள். பத்துப் பேர், நூறு பேர், ஆயிரம் பேர், எல்லோரும் இடப்பக்கம். அதே நேரம் பாடகரும் இடப்பக்க நீட்சி மேடையில் நடந்து வந்து, "கை ரெண்டும் மேல! எல்லாரும் தட்டுங்க!" என்றார்.

வலப்பக்கத்தில் கைகள் எழுந்தன. நடுவில் கைகள் எழுந்தன. இடப்பக்கத்தில், அவர் காலடியிலேயே, ஒரு கைகூட எழவில்லை.

ஏன் எழவில்லை? பாட்டு பிடிக்காமலா? பாடகரைப் பிடிக்காமலா? இல்லை ஐயா! கையைத் தூக்க அங்கே இடமில்லை!

நான் பார்த்துவிட்டேன். அந்தக் கணத்திலேயே பார்த்துவிட்டேன். என் வலக்கைக்கு அருகே சிவப்பு விசை. அழுத்தினால் ஒலி நிற்கும். யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று விதி சொல்கிறது. நான் என்ன செய்தேன்? வாக்கி-டாக்கியை எடுத்து மேடை மேலாளரை அழைத்தேன்.

"தம்பி, இடப்பக்கம் ரொம்ப இறுகுது. நிறுத்தட்டுமா?"

"என்ன பிரேக் சார், மறுபடியுமா? போன தடவை பலூன் வெடிச்சதுக்கு நிறுத்தினீங்க. இப்ப யாராச்சும் தும்மிட்டாங்களா?"

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், பலூன் உண்மைதான். அதற்கு முந்தைய கச்சேரியில் பலூன் சத்தத்தை வெடி என்று எண்ணி நிறுத்திவிட்டேன். அன்று முதல் எனக்கு 'பிரேக்' என்று பெயர். என் மருமகள்கூடக் குழம்பு கொதித்தால், "மாமா, ஒரு பிரேக் போடுங்க" என்பாள்.

"விளையாட்டு இல்லப்பா, அங்க ஒரு கையும் மேல வரல" என்றேன்.

"வாசல் கணக்கு என்ன சார்?"

"முப்பத்தெட்டாயிரம்."

"நாப்பதாயிரம் பேருக்கு இடம் இருக்கு. அப்புறம் என்ன? இந்தப் பாட்டு முடியட்டும், பாத்துக்கலாம்."

மொத்தக் கணக்கு சரி! முப்பத்தெட்டாயிரமும் சரி, நாற்பதாயிரமும் சரி. எண்ணிப் பழகியவன் எண்ணுக்குப் பணிந்தேன். மைதானம் முழுவதற்கும் சரியான கணக்கு, ஒரு மூலையில் நிற்பவரின் மூச்சுக்குச் சரியாகுமா? இருபத்தாறு ஆண்டு படித்த பாடம் இது. தெரிந்தும் சொன்னேன், "சரிப்பா."

நான்கு நிமிடம். விசைக்கும் என் விரலுக்கும் இடையே ஒரு சாண். அந்த ஒரு சாணை நான்கு நிமிடம் என்னால் கடக்க முடியவில்லை. தவறாக நிறுத்திவிட்டால்? மறுபடியும் சிரித்தால்? சிரிப்புக்குப் பயந்து, சாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தடுப்புக் கம்பியருகே நின்ற தொண்டர் பெண்ணின் குரல் வாக்கி-டாக்கியில் வந்தது: "ஐயா, இங்க ஒரு அம்மா கம்பியில மாட்டிக்கிட்டாங்க! மூச்சு விட முடியல! நிறுத்துங்க ஐயா, நிறுத்துங்க!"

அழுத்தினேன். இசை அறுந்தது. கூட்டம் கூச்சலிட்டது. பாடகர் நல்ல மனிதர். இதற்கென்றே முன்னதாகக் கையில் கொடுத்திருந்த அறிவிப்பு அட்டையைப் பார்த்து, "கடைசி வரிசை முதல்ல, ரெண்டடி பின்னால போங்க" என்று அமைதியாகச் சொன்னார். கூட்டம் இளகியது. எல்லோரும் பிழைத்தார்கள்.

அந்த அம்மா ஒரு தையற்காரர். மகளோடு வந்தவர். நெருக்கத்தில் மகளைத் தோளுக்கு மேல் ஏற்றிவிட்டு, தன் வலக்கையைக் கம்பிக்கும் கூட்டத்துக்கும் நடுவே கொடுத்துவிட்டார். எலும்பு கூடிவிட்டது. இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் மடங்கவில்லை. மருத்துவமனையில் என்னைக் கேட்டார், "சார், நீங்க எப்ப பாத்தீங்க?" நான் சொன்னேன், "பாத்த உடனே நிறுத்திட்டேம்மா." கையெடுத்துக் கும்பிட்டார். தண்டனை வேறு வேண்டுமா?

இதுதான் மூன்றாம் தாள். படித்துவிட்டேன்.

நேற்று அவருடைய கடைக்குப் போனேன். இடக்கையால் துணி வெட்டிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நாலு நிமிஷமா? நான் நாலு மணி நேரம்னு நினைச்சேன்."

"என்னை மன்னிச்சிடும்மா."

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம். என்கிட்ட சொல்லி என்ன சார் ஆகப்போகுது? நாளைக்கு உங்களுக்கு மைக் குடுப்பாங்கல்ல, அங்க சொல்லுங்க."

சொல்லிவிட்டேன் அம்மா. வாசல் பக்கம் நிற்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

தலைவர் அவர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். அடுத்த மாதக் கச்சேரிக்குப் புதிய விதிகள் வந்திருக்கின்றன. நான்காம் விதி: நிகழ்ச்சியை நிறுத்தச் செயலரும், மேடை மேலாளரும், கோபுரத்தில் இருப்பவரும், மூவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். திடீரென நிறுத்தினால் கூட்டம் கலவரப்படும் என்கிறீர்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் ஒருவரைக் கேட்டதற்கே நான்கு நிமிடம் போயிற்று. இருவரைக் கேட்டால் எத்தனை நிமிடம்? எத்தனை விரல்? எத்தனை உயிர்?

கோபுரத்தில் எப்போதும் வீரன் உட்காரமாட்டான் ஐயா. என்னைப் போன்றவன்தான் உட்காருவான். கேலிக்கு அஞ்சுபவன், வேலைக்கு அஞ்சுபவன், மேலாளருக்கு அஞ்சுபவன். வீரனுக்கு விதி எதற்கு? அஞ்சுகிறவனும் அழுத்தும்படி ஒரு விதி எழுதுங்கள்! தவறாக நிறுத்தியவனைக் கேள்வி கேட்கக்கூடாது, கேலி செய்யக்கூடாது என்று அதில் எழுதுங்கள்! நூறு முறை வீணாக நிற்கட்டும் பாட்டு. விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடரலாம். மூச்சைத் தொடர முடியுமா? முடியுமா?

கை தட்டாதீர்கள், வேண்டாம். நான் பாராட்டுக்கு நிற்கவில்லை.

அடுத்த மாதமும் என்னையே கோபுரத்தில் ஏறச் சொல்லியிருக்கிறீர்கள். நான்காம் விதி இருந்தால் ஏறமாட்டேன். அதை அடித்துவிட்டால், இந்தத் தேய்ந்த முழங்காலோடு நாற்பத்திரண்டு படியும் ஏறுகிறேன். ஏறமாட்டேன் என்று ஒன்று, ஏறுகிறேன் என்று ஒன்று, இரண்டு கடிதம் எழுதி வந்திருக்கிறேன். எதில் கையெழுத்திடுவது என்பதை இந்த அவை முன்னிலையில், இப்போதே சொல்லுங்கள். இதோ, உங்கள் மேசைமேல் வைக்கிறேன். என் பத்திரத்தையும் வைக்கிறேன். அந்த இரண்டு சொற்களை நீக்கிவிட்டுத் தந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

இவ்வளவு நேரம் என் திக்கலைப் பொறுத்த உங்கள் செவிகளுக்கு நன்றி. அந்த அம்மாவுக்கு என் தனி வணக்கம். உங்கள் அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்களே, நான் உட்காரவில்லை. உங்கள் பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறேன்.