மூன்றாம் மரம் காலி

சடையாண்டி தன் தங்கை புருஷன் பொன்னாண்டியை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவன் ஒரு வேங்கை மரத்தின் அடிக்கட்டைமேல் உட்கார்ந்து, ஈட்டியை மடியில் கிடத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தானாம். மலையில் இந்தக் கதையை யார் சொன்னாலும் அந்தச் சிரிப்பிலிருந்துதான் தொடங்குவார்கள்.

ரொம்பக் காலம் முன்னால் நடந்தது. கீழ்நாட்டில் ரயில் புதிதாக ஓடத் தொடங்கிய காலம். ஜவ்வாது மலையில் நெல்லிக்குட்டை என்று ஓர் ஊர். முப்பது குடிசை. சாமையும் கேழ்வரகும் விளையும். ஊருக்குக் காவல் வேடியப்பன். கோடை முடிந்து முதல் மழை விழுந்ததும் வேடியப்பனுக்கு ஒரு கொம்பு மான் அடித்துப் படைக்கவேண்டும். படைத்த பிறகுதான் ஏர் கட்டுவார்கள். மான் விழாவிட்டால் விதைப்பு கிடையாது. விதைப்பு இல்லாவிட்டால்? அந்த வருஷம் முழுக்கக் காட்டுக்கிழங்குதான்.

மான் அடிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஊருக்கு மேலே, இரண்டு குன்றுக்கு நடுவே ஓர் இடுக்கு. அந்த இடுக்கில் வரிசையாக ஏழு மரம். ஏழு வீட்டுக்கு ஏழு மரம். அப்பன் நின்ற மரத்தில் மகன் நிற்பான், மகன் நின்ற மரத்தில் பேரன் நிற்பான். அதற்கு நிலை என்று பேர். சரிவுக்கு மேலே பத்துப் பதினைந்து பேர் போய்த் தப்பட்டை அடித்து மானைக் கலைப்பார்கள். மான் கீழே இறங்கும். அடர்ந்த காடு அல்லவா? ஒரே ஓட்டமாக ஓட முடியாது. மரத்துக்கு மரம் வளைந்து, நின்று, காதைத் தூக்கிப் பார்த்து, மறுபடி இறங்கும். இடுக்குக்கு வந்ததும் பெரிய மரத்தைக் கண்டு மந்தை இரண்டாகப் பிரியும். மரத்தோடு மரமாக ஒட்டி நிற்கிறவன் விலாவைப் பார்த்து ஈட்டியை விடுவான். மரம் மனுஷனுக்கு மறைப்பு, மானுக்குத் தடுப்பு.

யார் எங்கே நிற்கவேண்டும், எப்போது கலைக்கவேண்டும் என்று சொல்கிறவன் நிலைக்காரன். அப்போது நிலைக்காரன் சடையாண்டி. ஆள் கட்டை. பேச்சு குறைவு. மண்ணில் பதிந்த குளம்பைத் தடவிப் பார்த்தே கிடாவா பெட்டையா என்று சொல்லிவிடுவானாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மான் கலைப்பதற்கு முன்னால் நிலைக்காரன் மரத்துக்கு மரம் நடந்து வருவான். "இருக்கியா?" என்பான். "இருக்கேன்" என்று நிற்கிறவன் சொல்வான். ஒரு வீட்டில் அந்த வருஷம் சாவு விழுந்திருந்தால் மட்டும் அந்த நிலையில் ஆள் இருக்காது. அங்கே நிலைக்காரன் "காலி" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போவான். உயிரோடு இருக்கிறவன் நிலையைக் காலி என்று சொன்னால், சாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

அப்படி இருக்கையில் கீழ்நாட்டிலிருந்து ஒரு குத்தகைக்காரன் வந்தானாம். தண்டவாளத்துக்கு அடியில் போடக் கட்டை வேண்டும் என்றானாம். இரண்டு கோடையில் மேல்சரிவு மொட்டையாகிவிட்டது. ஏழு மரத்தில் ஆறு கோணல், பொந்து, முண்டு முடிச்சு. கட்டைக்கு ஆகாது என்று விட்டுவிட்டான். மூன்றாவது மரம் வேங்கை. பனைபோல நேராக நின்றது. அதை அறுத்துச் சாய்த்தான். அது பொன்னாண்டி வீட்டு மரம்.

முதல் வருஷம் ஊரில் யாரும் வருத்தப்படவில்லையாம். வெயில் பட்ட இடமெல்லாம் புல் முளைத்தது. புல்லுக்கு மான் வந்தது, மந்தை மந்தையாக. "மரம் போனா என்ன, மான் வாசலுக்கே வந்து கறி வேணுமான்னு கேக்குது" என்று சிரித்தார்கள். அந்த வருஷம் பெட்டை, குட்டி, சினை என்று பார்க்காமல் அடித்தார்கள். சடையாண்டி வேண்டாம் என்றான். யார் கேட்டார்கள்?

இரண்டாம் வருஷம் மழை விழுந்தது. மேலே போனார்கள். மிஞ்சிய மந்தை மொட்டைச் சரிவில் நின்றது. ஆனால் தப்பட்டைக்காரன் குன்றில் தலை காட்டியதுமே மான் பார்த்துவிட்டது. மறைப்பு ஏது? கல்லெறி தூரத்துக்கு வருவதற்குள் மறுபக்கம் ஓடிவிட்டது. ஒரு தடவை அப்படி. இரண்டாம் தடவையும் அப்படி. மூன்றாம் தடவையும் அப்படி. மழை ஈரம் காய ஆரம்பித்தது. விதைச் சாமை கூடையிலேயே இருந்தது.

ஊர்க்கவுண்டர் கேட்டாராம்: "என்னப்பா நிலைக்காரா, மான் உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போகுதா?"

தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் அவன் காதில் விழும்படியே பேசினார்களாம்: "இந்த வருசம் வேடியப்பனுக்கு எலி புடிச்சுப் படைச்சிடலாம்டி. எலிக்கு நெலைக்காரன் வேணாம் பாரு."

 சடையாண்டி தனியாகப் போய் மேல்சரிவை ஒரு பகல் முழுக்கச் சுற்றி வந்தான். குன்றுக்கு அந்தப் பக்கமாகவே போய், மந்தையின் முதுகுக்குப் பின்னால் ஏறி, ஒரே சமயத்தில் தப்பட்டையை அடித்தால் மான் இடுக்குக்குத்தான் இறங்கவேண்டும். வேறு வழி இல்லை. நாலாவது தடவை அப்படிக் கலைப்பது என்று முடிவு செய்தான்.

கலைக்கிற நாள் காலையில் தங்கை வெள்ளச்சி களி கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகாமல் நின்றாள்.

"அண்ணா, எங்க மரந்தான் போயிடுச்சே. எங்க நெலையை என்ன பண்ணப்போற?"

"அதத்தான் யோசிக்கிறேன்."

"மத்ததெல்லாம் யோசி. காலின்னு மட்டும் சொல்லிடாத. ரெண்டு புள்ளைங்க இருக்கு எனக்கு."

"நான் அப்படிச் சொல்லுவனா?" என்றானாம் சடையாண்டி.

இடுக்குக்குப் போனார்கள். ஆறு பேர் மரத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். பொன்னாண்டி அடிக்கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மச்சான், எங்க தாத்தன் மரத்துக்குப் பின்னால நின்னான். நான் எதுக்குப் பின்னால நிக்க?"

"அடிக்கட்டை இருக்குல்ல மாப்ள."

"அது என் முட்டியத்தான் மறைக்கும். மான் என் முட்டியவா பாக்கும்?"

நாலாவது மரத்திலிருந்து தொப்பையன் சொன்னான்: "உன் மூஞ்சியப் பாத்தா மான் ஓடாதுடா. பாவமேன்னு பக்கத்துல வந்து நக்கும்."

பொன்னாண்டி வெற்றிலைப் பையைத் தரையில் வைத்துவிட்டு அடிக்கட்டைமேல் ஏறி உட்கார்ந்தான். "எங்க மரம் ரயிலுக்கு அடியில படுத்திருக்காம். நெலைக்கு நிக்கணும்னா நான் தண்டவாளத்துலதான் போய் நிக்கணும்" என்று சொல்லிச் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். சடையாண்டிக்கும் சிரிப்பு வந்தது.

அப்போது சடையாண்டி மேலே பார்த்தானாம். மூன்றாம் நிலைக்கு நேர் மேலே, சரிவில், குத்தகைக்காரன் ஆட்கள் அறுத்த மரங்களை உருட்டி வந்து ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். உருளாமல் இருக்க அடியில் கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். சடையாண்டி அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, நல்லதாப் போச்சு, மான் மரத்தைக் கண்டு பிரிகிற மாதிரி இந்த அடுக்கைக் கண்டு பிரியும் என்று கணக்குப் போட்டான்.

"இருக்கியா?" என்று கேட்டான்.

"இருக்கேன் மச்சான்."

சடையாண்டி நடந்து போய்த் தன் மரத்தில், முதல் மரத்தில் நின்றான். கையைத் தூக்கினான். குன்றுமேல் தப்பட்டை அதிர்ந்தது.

மான் வந்தது. முப்பது நாற்பது மான். ஆனால் சடையாண்டி பிறந்ததிலிருந்து மான் அப்படி வந்து பார்த்ததில்லையாம். வளையவில்லை. நிற்கவில்லை. காதைத் தூக்கவில்லை. அதன் வேகத்தை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு மரம் இல்லை. மலையிலிருந்து மதகு திறந்துவிட்ட மாதிரி ஒரே கொட்டாகக் கொட்டியது. அடுக்கைக் கண்டது. பிரியவில்லை. தாவியது. முன்னால் வந்தது தாவியது, பின்னால் வந்தது அதன்மேல் ஏறித் தாவியது. கட்டைமேல் குளம்பு, கட்டைமேல் குளம்பு, கட்டைமேல் குளம்பு. ஒரு முட்டுக்கல் நகர்ந்தது.

அந்தச் சத்தத்தை இடி என்று சொல்வார்கள். இடி மேலே இருந்து வரும். இது தரைக்குள்ளிருந்து வந்ததாம்.

தூசி எழுந்து ஒன்றும் தெரியவில்லை.  குன்றுமேல் இருந்தவர்களுக்கு என்ன தெரியும்? பெரிய கொம்பன் விழுந்த சத்தம் என்று நினைத்துவிட்டார்கள். "விழுந்தது! விழுந்தது!" என்று கூவினார்கள். கொம்பு மான் விழுந்தால் அடிக்கிற அடியைத் தப்பட்டையில் அடித்தார்கள். ஆடிக்கொண்டே இறங்கி வந்தார்கள்.

தூசி அடங்கியபோது, அடிக்கட்டை இருந்த இடத்தில் இருந்தது. பக்கத்தில் பொன்னாண்டியின் வெற்றிலைப் பை, அவன் வைத்த இடத்திலேயே இருந்தது. கீழே பத்தடி தள்ளி ஏழெட்டுக் கட்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது. ஒரு கட்டைக்கு அடியில் கொம்பு மான். அதே கட்டைக்கு அடியில் பொன்னாண்டி.

சடையாண்டி அழவில்லையாம். ஓடவும் இல்லையாம். நடந்து போய் அடிக்கட்டைக்கு முன்னால் நின்றான். "இருக்கியா?" என்றான்.  மறுபடியும், "இருக்கியா?" என்றான். தொப்பையன் வந்து அவன் தோளைக் கட்டிக்கொண்டான். அப்போதும் தப்பட்டை சந்தோஷமாக இறங்கி வந்துகொண்டே இருந்தது.

மூங்கில் கொடுத்து நெம்பி, இரண்டையும் எடுத்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஊர்க்கவுண்டர் பொன்னாண்டியைப் பார்த்தார், மானைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்: "எப்படியோ கொம்பன் விழுந்துடுச்சு. சாமி கேட்டது வந்துடுச்சு. நாளைக்கு ஏர் கட்டலாம்."

அப்போதுதான் சடையாண்டிக்குப் பேச்சு வந்ததாம். "இதைச் சாமி கேக்கல. யாரும் இதத் தொடக்கூடாது" என்றான். அந்த மானை ஒருவரும் தின்னவில்லை. இடுக்கிலேயே புதைத்தார்கள்.

 நாலாம் நாள் வெள்ளச்சி அண்ணனைப் பார்த்து, "காலின்னு சொல்லாதேன்னு நான்தானே சொன்னேன்" என்றாள்.

"நீ சொன்ன. அவன அங்க நிறுத்துனது நான். அந்த அடுக்க நான் கண்ணால பாத்தேன் தங்கச்சி. மான் பிரியும்னு நெனச்சேன். வெட்டிப் போட்ட மரம் மரமில்லன்னு எனக்குத் தெரியலயே!"

அந்த வருஷம் படைக்காமலே விதைத்தார்கள். சாமை விளைந்ததா என்று கேட்பீர்கள். எப்போதும்போல விளைந்ததாம்.

மறுவருஷம் சாவு வீட்டு நிலை, காலி என்று சொல்லித் தாண்டினார்கள். அதற்கு அடுத்த வருஷம் பொன்னாண்டியின் தம்பி குப்பாண்டி ஈட்டியோடு வந்து அடிக்கட்டையில் நின்றான். அவனுக்கு உரிமை உண்டு.

"எறங்குடா" என்றான் சடையாண்டி.

"ஏன் எறங்கணும்? எங்க வீட்டுல ஆம்பள இல்லியா? நான் உசுரோட நிக்கும்போது காலின்னு சொல்லுவியா நீ?"

"சொல்லுவேன்."

"சாவக் கூப்புடுறியா?"

"அன்னிக்கு அதுக்குப் பயந்துதான் உங்கண்ணனுக்கு அங்க எடம் குடுத்தேன்" என்றானாம் சடையாண்டி. "இனிமே நான் ஆளக் கேக்கப்போறதில்ல. மரத்தக் கேக்கப்போறேன்."

முதல் மரத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்தான். "இருக்கியா?" என்றான். அது அவன் சொந்த நிலை; அவனே, "இருக்கு" என்றான். இரண்டாம் மரத்தை அடித்தான். அங்கே நின்றவன் சொன்னான்: "இருக்கு." மூன்றாம் நிலையில் அவன் கை வெறும் காற்றில் வீசிப் போயிற்று. தலையைக் குனியவில்லை. "காலி!" என்று கத்தினான். குன்றுமேல் தப்பட்டைக்காரர்களுக்குக் கேட்டதாம் அந்தச் சத்தம். குப்பாண்டி ஈட்டியைத் தாழ்த்திக்கொண்டு இறங்கிவிட்டான்.

அன்று மந்தை முழுக்க அந்தக் காலி வழியாகத்தான் போயிற்று. ஒரு கொம்பன் தொப்பையனுக்குக் கை எட்டும் தூரத்தில் போயிற்றாம். காலியில் போகிற மானை அடிக்கக்கூடாது என்று சடையாண்டி சொல்லியிருந்தான். யாரும் ஈட்டியை எடுக்கவில்லை.

அந்த இடத்துக்குப் பொன்னாண்டி காலி என்று பேர். பிறகு கோணல் மரங்களிலும் சிலவற்றைக் கரிக்கு வெட்டினார்கள். வேட்டையும் நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் முதல் மழை விழுந்ததும் ஏழு வீட்டுக்காரர்களும் ஈட்டி இல்லாமல் வெறுங்கையோடு இடுக்குக்குப் போவார்கள். வரிசையாக நடந்து, உள்ளங்கையால் மரத்தை அடித்துக் கேட்பார்கள்.

இந்த வருஷம் மூன்று இருக்கு. நான்கு காலி.