எண்பத்தாறு மார்க்

சிதம்பரத்தில் தெருவில் நின்று நடராஜ் என்று கூப்பிட்டால் நான்கு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் நடராஜ். தண்ணீர் கேன் போடுகிறவரும் நடராஜ். பெரிய கோயிலில் ஆடுகிறவர் பெயரை வீட்டுக்கு ஒருவருக்கு வைத்துவிடுகிறார்கள். இதனால் யாருக்கும் சிரமம் இருந்ததில்லை. ஜெராக்ஸ் நடராஜ், கேன் நடராஜ் என்று பிரித்துச் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

சிரிக்கிறீர்கள், ஐயா. சிரிக்கலாம். 2010ஆம் வருடம் நானும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். அவ்வளவு சந்தோஷமான வருடம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

என் பெயர் செந்தமிழ்செல்வன். இன்ஜினியரிங் படித்தேன், முடிக்கவில்லை. அரியர் ஏறிக்கொண்டே போனது, நான் இறங்கிவிட்டேன். கொஞ்ச காலம் இரவு ஷிஃப்டில் வெளிநாட்டு நோயாளிகளின் பில்களை அடித்துக்கொண்டிருந்தேன். பிறகு தெற்கு வீதியில் வைத்திலிங்கம் நடத்திய சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிகள் இணையத்தில் வைத்து ஓட்டும் சாஃப்ட்வேர் செய்தோம். இங்கே உட்கார்ந்து மாற்றினால் உடனே அங்கேயும் மாறிவிடும். எங்களிடம் வாங்கியது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எந்தக் கட்டிலில் யார், யாருக்கு என்ன மருந்து, எந்த ரத்தப் பை யாருக்காக எடுத்து வைத்திருக்கிறது என்பதெல்லாம் எங்கள் சாஃப்ட்வேர் பார்த்துச் சொல்லும்.

ரத்தப் பை பகுதியை எழுதியவள் மலர்க்கொடி. குமராட்சிப் பெண். வாராவாரம் பஸ் ஏறிக் கடலூர் போவாள். ஆரோக்கியம்மாள் என்ற தலைமை நர்சோடு உட்கார்ந்து பேசுவாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பொட்டலம் முந்திரிப்பருப்பும் தலைக்குள் ஒரு புது நிபந்தனையும் இருக்கும். பை பழசாகிவிட்டால் காட்டாதே. டாக்டர் ஒப்புதல் இல்லையென்றால் கேள். கரண்ட் போய் வந்தால் மறுபடி சரிபார். நிபந்தனை ஒவ்வொன்றுக்கும் கோடிங்கில் ஓர் இஃப் போட வேண்டும். வந்தால், போனால் என்று தமிழில் 'ஆல்' போடுகிற மாதிரி. முந்திரியை நாங்கள் தின்றுவிடுவோம். இஃப் அங்கேயே இருக்கும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இஃப் வருகிற இடத்தில் கோடிங் போகிற பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு வேலையைச் செய்யும் கோடிங் துண்டை ஃபங்ஷன் என்போம். அதற்குள் எத்தனை பாதை என்று எண்ணிச் சொல்ல ஒரு கருவி இருக்கிறது. பாதை கூடக் கூடச் சிக்கல். நாளைக்கு வேறொருவன் வந்து திருத்த முடியாது. பாதைகளையும் நீளத்தையும் இன்னும் சிலதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, இதைப் பராமரிப்பது எவ்வளவு சுலபம் என்று கருவி மார்க் போடும்.

சென்னையில் ஒரு பெரிய கம்பெனி எங்கள் சாஃப்ட்வேரை வாங்கிக்கொள்ள முன்வந்தது. எந்த ஃபங்ஷனிலும் பத்துப் பாதைக்கு மேல் கூடாது, மார்க் எண்பத்தைந்துக்குக் குறையக் கூடாது என்றார்கள். கருவியை ஓட்டிப் பார்த்தோம். மலர்க்கொடியின் ஃபங்ஷனில் நாற்பத்தொரு பாதைகள். மார்க் முப்பத்தெட்டு.

வைத்திலிங்கம் என் தோளில் கையைப் போட்டார். "இன்னா மச்சான், நம்ம மலரு ஜில்லா முழுக்க ரோடு போட்டு வெச்சிருக்கு. நீ கொஞ்சம் அடைச்சு உடு."

அடைக்க ஆரம்பித்தேன். அந்த ருசியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு இடத்தில் ஒரே கேள்வி கேட்டிருந்தாள். ஒன்றை எடுத்தேன், எண் குறைந்தது. ஒரு கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான் வந்தது, எடுத்தேன், குறைந்தது. முப்பத்தைந்து, முப்பது, இருபத்திரண்டு. ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குள் ஊஞ்சல் இறங்குகிற மாதிரி இருந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணத் தொடங்கினேன். எனக்குப் பெண் பார்த்த அத்தை போட்ட நிபந்தனைகளை எண்ணினால் முப்பத்தொரு பாதை. அவற்றில் ஒன்றுகூடக் கல்யாண மண்டபத்துக்குப் போகவில்லை. சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஒரு கண்டக்டர் சில்லறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் திட்டினார். அவருக்கு ஒரே பாதை. இறங்கும்போது அவருக்கு ஒரு வணக்கம் வைத்தேன். அதற்கும் திட்டினார்.

மலர்க்கொடிக்குச் செய்தி போய்விட்டது. ஒரு நாள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"செந்தமிழு, இஃபுக்கெல்லாம் மொட்ட போடுறியாமே. பழனிக்கு வேண்டுதலா?"

"பாதித் தலதான் மலரு. மீதியில பூ வெச்சிக்கலாம்."

"செவப்புப் பக்கத்துல மட்டும் கைய வெச்ச, ஒடிச்சி முந்திரிக்கொட்டையோட சேத்து வறுத்துருவேன். ஆரோக்கியம்மா சிஸ்டரு அதுக்காக எங்கிட்ட எத்தன நாளு சண்ட போட்டுச்சு தெரியுமா?"

சிவப்புப் பக்கம் என்பது நடராஜ்களுக்காக வந்தது. ரத்தப் பைமீது ஒட்டுகிற சீட்டில் பெயரும் இனிஷியலும்தான் இருக்கும். எஸ். நடராஜ் என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தால்? ஒருவருடைய எஸ் சிங்காரமாக இருக்கலாம், இன்னொருவருடையது சிற்சபேசனாக இருக்கலாம். சீட்டுக்கு இரண்டும் எஸ்தான். அப்படி வந்தால் மலர்க்கொடியின் கோடிங் நின்றுவிடும். திரை முழுக்கச் சிவப்பாகும். அப்பா பெயர் முழுசாக என்ன, எந்த ஊர் என்று கேட்கும். பதில் தராமல் யாரும் பையை எடுக்க முடியாது. இதற்கு மூன்று இஃப்.

"தொடல மலரு. உன் கமெண்ட்கூட அப்பிடியே இருக்கு, வந்து பாத்துக்க."

குனிந்து பார்த்தாள். இருந்தது. 'ஒரே பேர், ஒரே இனிஷியல் என்றால் நிறுத்து. சிவப்புப் பக்கம் காட்டு. அப்பா பேர், ஊர் கேள்.' தன் சொற்களையே படித்துவிட்டுத் திருப்தியோடு சாப்பிடப் போனாள்.

நான் பொய் சொல்லவில்லை. அவள் கேட்ட நேரத்தில் மூன்று இஃபும் இருந்தன. பிற்பகலில்தான் எடுத்தேன். எல்லாம் செய்தும் எண் பன்னிரண்டில் நின்றுவிட்டது. அந்த மூன்றையும் தனி ஃபங்ஷனாகப் பிரித்திருக்கலாம், பிரித்தும் பார்த்தேன். நீளம் கூடி மார்க் எண்பத்துமூன்றுக்கு இறங்கியது. எடுத்துவிட்டால் ஒன்பது.

கமெண்டை மட்டும் விட்டுவைத்தேன். கமெண்ட் என்பது மனிதர்கள் படிப்பதற்காகக் கோடிங்குக்கு நடுவே எழுதும் குறிப்பு. கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் எங்கள் கருவி கமெண்ட் இருந்தால் மார்க் கூட்டிப் போடும். எனவே நிறுத்து, காட்டு, கேள் என்ற வரிகள் அங்கே இருந்தன. நிறுத்துவதும் காட்டுவதும் கேட்பதும் இல்லை. அவற்றுக்குப் பதிலாக ஒரே ஒரு வரி போட்டேன்: தேடினால் முதலில் வருகிறவரை எடு.

எண்பத்தாறு.

எனக்கு யாரும் எண்பத்தாறு போட்டதில்லை, ஐயா. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, திரையில் இருந்ததை ஜெராக்ஸ் நடராஜிடம் கலரில் பிரிண்ட் போடச் சொன்னேன்.

"இன்னா தம்பி, ரிசல்ட்டா?" என்றார்.

"ஆமாண்ணே. பாஸு."

"பொறவு ஏன் குதிக்கிற? பெயிலானவனுங்கதான் இங்க குதிப்பானுங்க." ஆனாலும் எனக்கு மிட்டாய் கொடுத்தார்.

சென்னைக்காரர்கள் வந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு பேர், நல்ல சட்டை. கருவியை அவர்களே ஓட்டினார்கள். ஒவ்வொரு ஃபைலாக வந்துகொண்டிருந்தது. வைத்திலிங்கம் வேர்க்க வேர்க்க நின்றார். நான் மிதந்துகொண்டிருந்தேன். அப்போது மலர்க்கொடி போன் செய்தாள். அன்று அவள் லீவு. அப்பாவைக் கடலூர் ஆஸ்பத்திரியில் காலையில்தான் சேர்த்திருந்தாள். வயிற்றுப் புண்ணில் ரத்தம் போய் மயங்கி விழுந்துவிட்டார். அவர் பெயரும் நடராஜ்தான். குமராட்சி சிங்காரம் மகன் நடராஜ்.

"செந்தமிழு, அப்பாவுக்கு ரத்தம் ஏத்தணுமாம். மாடியில இன்னொரு எஸ். நடராஜ் நாலு நாளா இருக்காராம். அவருக்கும் ரத்தந்தானாம். சிஸ்டரு இப்பத்தான் சொல்லிச்சு. நம்ம செவப்புப் பக்கம் வந்துரும்ல?"

கருவி அந்த நேரத்தில் அவளுடைய ஃபைலுக்கு முந்தைய ஃபைலில் இருந்தது.

"வரும்," என்றேன்.

"அப்ப சரி. சிஸ்டருகிட்ட சொல்லிர்றேன், சிஸ்டம் கேக்கும், பயப்படாதீங்கன்னு. காலயிலருந்து ஒண்ணும் துன்னல, கீழ போயி ரெண்டு இட்லி சாப்ட்டு வரேன். அங்க என்னாச்சு? பாஸாயிருவமா?"

"ஆயிருவோம்."

"கலக்கு."

நான் அப்போது யோசிக்காமல் இல்லை. நன்றாகவே யோசித்தேன். மூன்று இஃபையும் திரும்ப வைக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். ஆனால் எண் மறுபடி பன்னிரண்டாகிவிடும், அதுவும் இவர்கள் கண் முன்னால். இரண்டு நடராஜ், ஒரு பை. சரியான ஆளுக்குப் போக ஐம்பது சதவீத வாய்ப்பு. நான் படித்த காலேஜில் ஐம்பது வாங்கினால் பாஸ். போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

திரையில் ஒன்பது வந்தது. எண்பத்தாறு வந்தது. சென்னைக்காரர்களில் மூத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "இத யாரு எழுதுனது? பாடப்புத்தகத்துல போடலாம் போலிருக்கே," என்றார். வைத்திலிங்கம் என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் சட்டையெல்லாம் ஈரம். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை.

மாடி நடராஜுக்காக எடுத்து வைத்திருந்த பி குரூப் பை மலர்க்கொடியின் அப்பாவுக்கு ஏறியது. அவர் ஓ குரூப். திரை சிவப்பாகவில்லை, எஸ். நடராஜ், பி குரூப் என்றே காட்டியது. ஏற்றுவதற்கு முன்பு ஆரோக்கியம்மாள் கட்டிலருகே நின்று பெயர் கேட்டிருக்கிறார். எஸ். நடராஜ் என்று அவரே சொல்லியிருக்கிறார். இருவரும் உண்மையைத்தான் பேசினார்கள். மறுநாள் அவர் இறந்தார்.

குமராட்சிக்கு மினிபஸ்ஸில் போய் வந்தேன். மலர்க்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கயோ நான் தப்பா எழுதிட்டேன் செந்தமிழு. எங்கப்பாவ நானே..." என்றாள். அழாதே என்றேன். வேறு என்ன சொல்வது. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் புதுச் செய்தி சொல்வதில்லை.

இத்தனை நாள் கழித்து நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். நேற்று வைத்திலிங்கம் சொன்னார், நீங்கள் அவளை விசாரித்தீர்களாம். அந்த ஃபங்ஷன் முழுவதும் தன் கைப்பட எழுதியது என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாளாம். கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. இந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? மலர்க்கொடி நல்ல பெண், உழைப்பாளி. ஆனால் இவ்வளவு சுத்தமாக எழுத அவளுக்கு வராது. அவள் எழுதியது நாற்பத்தொன்று. ஒன்பது என்னுடையது. அதை உங்கள் பதிவில் திருத்திவிடுங்கள்.

நீங்கள் டைப் அடித்துக் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது. அந்த ஐம்பது சதவீதத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும். நான் சொன்னதுதான், ஆனால் சரியில்லை. எங்கள் தேடலில் முதலில் வருகிறவர் எப்போதுமே முதலில் சேர்ந்தவர். மாடிக்காரர் நான்கு நாள் முன்பு சேர்ந்தவர். அவருடைய பைதான் வரும், நூற்றுக்கு நூறு.

இன்னோர் இடம். 'மலர்க்கொடியின் தந்தைக்குத் தவறான ரத்தம் போகும் என்று தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேன்' என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்ய நீங்களாகச் சேர்த்திருக்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனது. ஆனால் அந்த 'ஆல்' தேவையில்லை, எடுத்துவிடுங்கள். தெரிந்திருந்தது. எடுத்துவிட்டால் அதற்குப் பின்னால் வருகிற சொல்லும் வேண்டியதில்லை. பாருங்கள், வாக்கியம் எவ்வளவு சுலபமாகிவிட்டது.