வண்டி வேண்டாமென்ற காலைகள்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள். பொறுமை இல்லாதவர்கள் இரண்டாம் மாதமே விற்றுவிடுவதால், மிஞ்சுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். எங்கள் வீட்டில் பத்தொன்பது வருடமாக ஒன்று இருக்கிறது. ஓட்டுவது என் தம்பி. கழற்றுவது, துடைப்பது, மாட்டுவது நான்.

தம்பி தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறான். தினமும் காலையில் ஊரிலுள்ள தொட்டிகளுக்கெல்லாம் போய், பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, சீட்டுக்கு இருபுறமும் தொங்கும் பெட்டிகளில் அடுக்கிக் கொண்டுவருவான். மேடு பள்ளம் எதில் இறங்கினாலும் ஒரு பாட்டில்கூட உடையாது. அவ்வளவு பதமாக ஓட்டுவான். ஆனால் ஸ்பேனரைக் கையில் கொடுத்தால், குழந்தையை முதன்முதலாகத் தூக்குகிறவன்போல விழிப்பான். அதனால் வண்டியை வாங்கிய வாரமே அதோடு வந்த கையேட்டை நான் எடுத்துக்கொண்டேன். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. நோயாளிகள் வராத நேரத்தில் படித்தேன். மூன்று மாதத்தில் கார்பரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் அளவுக்கு வந்துவிட்டேன்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. அதைச் சொல்லி யாரிடமும் பரிதாபம் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு உரிய நாள். ஆயில் அளவு பார்ப்பேன், பிளக்கைத் துடைப்பேன், செயினுக்கு எண்ணெய் விடுவேன். கடைசியாகப் பாயிண்ட். எஞ்சினின் வலப்பக்கம் ஒரு வட்ட மூடி இருக்கும். இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால், உள்ளே நகநுனி அளவில் இரண்டு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுப் பிரியும். அந்தத் தொட்டுப் பிரிதலில்தான் பொறி பிறக்கிறது. அவற்றின் நடுவே ஒரு துண்டு அட்டையை விட்டு இழுத்தால் கரி வந்துவிடும். மருத்துவமனையில் அடுத்து எப்போது வரவேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் அட்டை அதற்கு மிகவும் பொருத்தம். பல்லிடுக்கில் அழுக்கு எடுக்கிற இடத்தில் வேலை பார்த்ததால் எனக்கு இந்த வேலையில் ஒரு தனிப் பிரியம்.

நான் துடைத்து முடித்ததும் தம்பி ஒரு நோட்டில் எழுதுவான். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்போது ஆயில் மாற்றியது, எந்த நாள் கிளம்பவில்லை, அன்று எங்கே போவதாக இருந்தான், எல்லாம். இந்த நோட்டின் கடைசிப் பக்கங்களில்தான் நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தடவை நடந்தது என் கைப்பிழை. வண்டி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. துறைமுக நகரத்தில் ஒரு கம்பெனி அவனை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. எட்டு மணிக்கு ரயில். அவன் முப்பது உதை உதைத்தான். இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ரயில் போன பிறகு நான் மூடியைத் திறந்து பார்த்தால், முந்தின நாள் துடைத்த அட்டையின் ஒரு பிசிறு முனைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவன் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றத் தொடங்கியிருந்தான்.

"விடுக்கா. வண்டிக்கே பிடிக்கல போல."

நான்கு மாதத்தில் அந்தக் கம்பெனியை இழுத்து மூடினார்கள். பத்திரிகையில் அதைப் படித்துவிட்டுத் தம்பி வண்டியைத் தட்டிக்கொடுத்தான். மறுநாள் அதற்குப் புது சீட் உறை வாங்கி வந்தான். ஒருவன் அவ்வளவு ஆசையாக நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போது, அது அட்டைப் பிசிறுடா என்று சொல்வது நாகரிகமாகப் படவில்லை.

அடுத்த தடவை பிசிறு தானாக விழவில்லை. மலையூர் ஒன்றில் ஆய்வுக்கூட வேலை, தங்க இடமும் தருவார்களாம். அவனுக்குக் குளிர் ஆகாது. சின்ன வயதில் மார்புச் சளியோடு எத்தனை நாள் என் மடியில் கிடந்திருக்கிறான். அதை அவனிடம் சொன்னால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன் என்பான். வண்டி சொன்னால் கேட்பான். நகத்தளவு அட்டை, இரண்டு ஸ்க்ரூ, மூன்று நிமிடம். வேளை தப்பிய பிறகு, "மெக்கானிக்கிட்ட தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி நான் ஒருதடவை பார்க்கறேன்டா" என்று அட்டையை எடுத்துவிடுவேன். முதல் உதையிலேயே கிளம்பும்.

"பாத்தியாக்கா, வேலை முடிஞ்சதும் கிளம்புது. கொழுப்பைப் பாரு" என்று சிரிப்பான்.

நானும் சிரிப்பேன். எங்கள் வீட்டில் எப்போதும் சிரிப்புக்குக் குறைவிருந்ததில்லை.

நூலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றியும் எழுத வேண்டும். இரண்டு வருடம் பழகினார்கள். நல்ல பெண், மெதுவாகப் பேசுவாள். அவளுக்கு வெகுதூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. இவனும் கூடப் போவதென்று முடிவு. டிக்கெட் இரண்டையும் அவள் கையில் வைத்துக்கொண்டு ரயில் நிலையத்தில் நின்றாள். அன்று வண்டி கிளம்பவில்லை. வாடகைக் காரைக் கூப்பிடட்டுமா என்று தம்பியிடம் நானே கேட்டேன். இதை யாரும் மறந்துவிடக் கூடாது. அவன்தான் வண்டியையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"மழையில, வெள்ளத்துல கைவிடாத வண்டிக்கா. காரணம் இல்லாம நிக்காது."

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். வண்டி நின்றுவிட்டது என்றேன். அது பொய் இல்லை.

"வண்டிதானே நின்னுது?" என்று கேட்டாள். அவளே வைத்துவிட்டாள்.

அந்த வருடம் முழுக்கத் தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. நான்தான் தேற்றினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்தில் உட்கார்ந்து கந்தல் துணி எடுத்துக் கொடுத்தான். எங்கள் இருவருக்கும் மிக நெருக்கமான வருடம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

மற்றவற்றை ஒவ்வொன்றாக எழுதவேண்டிய அவசியமில்லை. தேதிகள் முன்பக்கங்களில் அவன் கையெழுத்திலேயே இருக்கின்றன. முதலாவதைத் தவிர மற்ற பதிமூன்றும் நான் செய்தவை. கடைசித் தடவையில்தான் எனக்குக் கொஞ்சம் கை தவறியது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை. தம்பியோடு வேலை பார்க்கும் ஒருவர், அவனைத் தன் சொந்தக்காரப் பெண் ஒருத்தியைச் சந்திக்கச் சொல்லியிருந்தார். வண்டியை வெளியே எடுத்த பிறகுதான் தம்பி அதை என்னிடம் சொன்னான். வட்ட மூடியைத் திறக்க நேரமில்லை. சீப்பை மறந்தேன் என்று அவன் உள்ளே போன இடைவெளியில், கைக்குக் கிடைத்த சோப்பில் ஒரு கிள்ளு எடுத்து பெட்ரோல் டாங்க் மூடியின் காற்றுத் துளையில் அடைத்தேன். காற்றுப் போக வழியில்லாவிட்டால் பெட்ரோல் இறங்காது. ஐந்தாறு கிலோமீட்டர் ஓடும், பிறகு நிற்கும்.

நின்றது. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற ஒரு பெண்ணின் கடை வாசலில் போய் நின்றது.

சாயங்காலம் தம்பி வாயெல்லாம் பல்லாக வந்தான். "அக்கா, வண்டி மூச்சுமுட்டி நின்னுடுச்சாம். அவங்க மூடியைத் திறந்தாங்க, புஸ்ஸுனு ஒரு சத்தம். காயில் கம்பியால ஒரே குத்து, சரியாயிடுச்சு. அவங்களும் இதே மாடல் வண்டிதான் ஓட்டறாங்க. தினமும்."

"அந்தப் பொண்ணைப் பார்த்தியா இல்லையா?"

"எந்தப் பொண்ணு?" என்றான்.

இப்படித்தான் காயில்காரி எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். நான் மனசுக்குள் வைத்த பெயர் அது. முப்பத்தெட்டு வயது, விரல்நுனியெல்லாம் வார்னிஷ் மஞ்சள், பெரிய சிரிப்பு. பிளக் இடைவெளி எவ்வளவு இருக்கவேண்டும் என்று அவளும் நானும் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டோம். கையேட்டில் போட்டிருப்பது புது எஞ்சினுக்கு, தேய்ந்த எஞ்சினுக்குக் கொஞ்சம் குறைக்கவேண்டும் என்றாள். குறைத்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதுதான் சிக்கல்.

நாளை காலை பத்தரைக்குப் பதிவு அலுவலகத்தில் தம்பிக்கும் அவளுக்கும் திருமணம். அதற்குப் பிறகு தம்பி அவள் கடைக்கு மேலேயுள்ள வீட்டில் இருப்பான்.

இன்று மதியம் தம்பி முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில் அவள் வந்தாள். வண்டியின் கருவிப் பெட்டியைத் திறந்து இந்த நோட்டை எடுத்துக்கொண்டு, நேரே சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இதைப் போன வாரமே முழுசா படிச்சேன். இந்த வண்டி அவர் வேலைக்குப் போற நாள்ல ஒருதடவைகூட நின்னதில்ல. இன்டர்வியூ, ரயில், பொண்ணு, இதுக்கு மட்டும்தான் நின்னிருக்கு. பதினாறு வயசுலேர்ந்து மோட்டாரைத்தான் பார்க்கறேன். காலண்டர் பார்க்கற மோட்டாரை இன்னும் பார்த்ததில்ல."

"பழசுமா. அப்படித்தான் இருக்கும்."

"அன்னைக்கு மூடியில இருந்தது சோப்பு. மோந்து பார்த்தேன். இங்க மொதல் தடவை வந்து கை கழுவினப்ப அதே வாசனை."

நான் டீயை வடிகட்டினேன். "அப்பவே ஏன் சொல்லல?"

"யார் வெச்சாலும் என் கடை வாசல்ல கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க. அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்று அந்தப் பெரிய சிரிப்பைச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தோம்.

பிறகு அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சிரிச்சாச்சு. இப்ப கேளுங்க. நாளைக்கு அவர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இது அவருக்குத் தெரியணும். வண்டி நிறுத்திச்சுன்னு என்னைப் பார்த்தார், வண்டி கிளம்பிச்சுன்னு என்னைக் கட்டிக்கிட்டார்னு இருக்கக் கூடாது. எல்லாம் தெரிஞ்சு, அவரா வரணும். நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"எப்படிமா சொல்றது?"

"இதே நோட்டுல எழுதுங்க. யாரோ ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க. அவருக்குன்னு எழுதினா கொஞ்ச ஆரம்பிச்சுடுவீங்க."

எழுதி, கையெழுத்துக்கு முன் அவனிடம் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்தேன். அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். எங்கும் கொஞ்சவில்லை.

போகும்போது வாசலில் நின்று, "மேல உங்களுக்கும் ஒரு ரூம் சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன். அங்க ரெண்டு வண்டி இருக்கும். எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றாள். எல்லாம் தெரிந்த பிறகும் அப்படிச் சொன்னாள். யாருக்கு அந்த மனசு வரும்? இவனுக்கு இப்படி ஒருத்தி கிடைத்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

எழுதிவிட்டேன். இதை எப்படி அவனிடம் சேர்ப்பது என்பதுதான் மிச்சமிருந்தது. கையில் கொடுத்தால் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் படிப்பான், அவனுக்குக் கஷ்டமாக இருக்கும். தலையணையில் வைத்தால் ராத்திரி தூங்க மாட்டான், நாளைக்கு முகம் வாடிவிடும். இந்த நோட்டு இருக்கவேண்டிய இடம் கருவிப் பெட்டிதான். ஆனால் இன்று ஞாயிறு, இந்த வாரம் எழுதவேண்டியதை அவன் காலையிலேயே எழுதிவிட்டான். இனி அடுத்த ஞாயிறுதான் எடுப்பான். அதற்குள் கையெழுத்துப் போட்டிருப்பான். அதற்கு முன் அவன் அந்தப் பெட்டியைத் திறப்பதென்றால், அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. வண்டி கிளம்பாத நாளில், என்னைக் கூப்பிடுவதற்கும் முன்னால், நோட்டை எடுத்துத் தேதி போடுவான்.

காயில்காரிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுத்த வாக்கிலிருந்து நான் பின்வாங்கியதில்லை. ஆகவே இப்போது போய் அந்த இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு வந்தேன். நகத்தளவு அட்டை, மூன்று நிமிடம். நாளை அவன் ஒன்பதரைக்கு உதைப்பான். பிறகு இதைப் படிப்பான். படிப்பதற்கு முன் வண்டியைப் பார்த்தே அவன் வேறு முடிவுக்கு வந்துவிட்டால், வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிவிட்டால், அதற்கு நான் பொறுப்பில்லை. அப்போதும் வாடகைக் காரைக் கூப்பிடட்டுமா என்று நானே கேட்பேன்.

மற்ற பதிமூன்று தடவையும் எனக்காகச் செய்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளட்டும். இந்தத் தடவை முழுக்க முழுக்க அவர்களுக்காக.