லேடீஸ் சீட், லீடர் சீட்

பாகலூரிலிருந்து ஓசூர் போகும் காலை பஸ்ஸில் எனக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது: "உங்க மரியாதைய மடிச்சி டிபன் பாக்ஸ்ல வச்சிக்கங்க."

திரும்பினேன். ஒரே கம்பெனியின் நீலச் சட்டை போட்ட இருவர். அவன் எழுந்து இடம் கொடுத்திருந்தான். அவள் உட்கார மறுத்து நின்றாள்.

"லேடீஸ் நிக்கறப்ப நான் எப்படிங்க உக்கார்றது?"

"எட்டு மணி நேரம் மெஷின் முன்னால நின்னுட்டுதான இருக்கேன்? உங்களுக்கு வேலை கத்துக் குடுத்ததே நானு. லைன் லீடர் ஆனது நீங்க."

"உங்கள லீடராப் போடலாமான்னு சார் கேட்டாரு. லீடர்னா ஞாயித்துக்கெழமகூட வரணும், பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் கஷ்டம்னு உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"என்னயக் கேட்டீங்களா?"

அவன் தலைக்கு மேலிருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். "வேணும்னா இன்னிக்கி சார்கிட்ட பேசறேங்க."

"நீங்க பேசுனது போதும். நேத்தே நான் பேசிட்டேன். திங்கக்கெழமலேர்ந்து பக்கத்து லைனுக்கு நான்தான் லீடர்."

இதற்குள் காலி இடத்தில் தக்காளிக் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்துவிட்டார். இருவரும் நின்றேதான் வந்தார்கள். கம்பெனி நிறுத்தம் வந்ததும் அவன் பழக்கதோஷத்தில் ஒதுங்கி, "லேடீஸ் பர்ஸ்ட்" என்றான்.

"சீனியர் பர்ஸ்ட்னு சொல்லுங்க" என்றபடி அவள் இறங்கினாள்.