அப்பாவின் வயிற்றுக்குள் பச்சை வெளிச்சம்

விழாவுக்குத் தலைமை தாங்கும் குஞ்ஞம்பு மாஷ் அவர்களே, மேடையின் வலப்பக்கம் வீற்றிருக்கும் சிவப்புக்கொடிப் பெரியவர்களே, இடப்பக்கம் வீற்றிருக்கும் பச்சைக்கொடிப் பெரியவர்களே, இரு பக்கத்தாரும் உட்கார மறுத்ததால் நடுவில் காலியாக இருக்கும் நாற்காலியே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அணைத்தோமா என்று இப்போது யோசிக்கும் தாய்மார்களே, காவுங்கரை வாசகசாலையின் ஆண்டுவிழாவுக்குத் திரண்டிருக்கும் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் பத்தாம் வகுப்பு நிவேத்யா. எனக்குக் கொடுத்த தலைப்பு 'அறிவியலும் நாமும்'. அறிவியல் எல்லோருக்கும் பொது. 'நாம்' என்பதற்கு நான் எடுத்துக்கொண்டது என் அப்பா பவித்திரனின் பெருங்குடல். அப்பா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். இந்தச் செய்தி அவருக்கு இப்போதுதான் தெரியும். தயவுசெய்து யாரும் அவரைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

சென்ற ஆண்டு அப்பாவின் குடலில் ஒரு கட்டி. கோழிக்கோட்டில் டாக்டர் அன்னம்மா தரகன் விளக்கினார். கட்டியுள்ள பகுதியை ரோபோவின் கைகளால் வெட்டி எடுப்பார்கள். மிச்சமிருக்கும் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். முனைக்கு ரத்தம் வந்தால் தையல் ஆறும். வராவிட்டால் தையல் பிரியும், உள்ளிருப்பது வயிற்றுக்குள் கசியும், உயிருக்கே ஆபத்து. ரத்தம் எதுவரை வருகிறது என்று காட்ட ஒரு சாயம் உண்டு. ரத்தக்குழாயில் ஏற்றினால், ரத்தம் ஓடும் இடமெல்லாம் திரையில் ஒளிரும்.

"என்ன நிறத்துல?" என்றார் அப்பா.

"பச்சை."

சிவப்புக்கொடிக் கட்சியின் கிளைச் செயலாளரான அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்களை ஜீப்பில் கூட்டிப்போன அஸைனாரிக்கா பக்கத்தில் நின்றார். அவர் எந்தக் கொடி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் பக்கமே சொல்லும்.

"பவித்ரா, வெளியில இத்தனை வருஷமா முடியல. உள்ளேயாவது எங்களுக்கு ஒரு கிளை குடுடா" என்றார் அவர்.

வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் அப்பா கையெழுத்துப் போடவிருந்த பேனாவை மூடிவிட்டார். "சாயம் வேண்டாம் டாக்டர். கண்ணால பாத்தே வெட்டுங்க."

அவையோரே, நம் ஊரில் கிணறு வெட்டவும் கிளைக் கமிட்டி கூடும்; கல்யாணத்துக்குப் பந்தல் போடவும் கூடும். குடலுக்குக் கூடாதா? கூடியது, எங்கள் வீட்டுக் கூடத்தில். அம்மா பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார்.

"சாயம் தற்காலிகம்தானே சகாவே?" என்றார் கமிட்டியில் மூத்தவரான சந்துவேட்டன்.

"தற்காலிகம்னுதான் எல்லாம் ஆரம்பிக்குது" என்றார் அப்பா.

"அப்போ மேல் கமிட்டிக்கு எழுதிப் போடுவோம். பதில் வரட்டும்."

அம்மா தம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னார்: "பதில் வர்ற வரைக்கும் கட்டி வளரக்கூடாதுன்னு ஒரு தீர்மானம் போட்டுடுங்க. அது கட்டுப்படுதான்னு பாக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எனக்கு அப்பா வேண்டும். பச்சையாக இருந்தாலும் வேண்டும், ஊதாவாக இருந்தாலும் வேண்டும். இதைச் சொல்லக் கமிட்டியில் எனக்கு இடமில்லை.

மறுவாரம் அப்பா ஒரு சமரசத்தோடு கோழிக்கோட்டுக்குப் போனார். "நிறத்தை மாத்த முடியுமா டாக்டர்? சிவப்பா?"

டாக்டரின் முகம் மாறவில்லை. "மாத்தலாம் பவித்திரன். அந்தச் சாயம் விடுற வெளிச்சம் நம்ம கண்ணுக்கே தெரியாது. கேமராவுக்குத்தான் தெரியும். திரையில பச்சையாக் காட்டுறது மெஷினோட ஏற்பாடு. ஆனா, உங்க உள்ளே எல்லாமே ஏற்கெனவே சிவப்பு. சிவப்பு மேலே சிவப்பைக் காட்டினா, ரத்தம் எங்க ஓடுது, எங்க நின்னுபோச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே தச்சுடுவேன். பரவாயில்லையா?"

அப்பா பேனாவைக் கையில் எடுத்தார்.

"உள்ளே எல்லாமே சிவப்புதானே?"

"எல்லாமே."

"அப்போ சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

அறுவை நாளன்று நடந்ததை டாக்டர் பிறகு எங்களுக்குத் திரையில் போட்டுக் காட்டினார். அவர் அப்பாவைத் தொடவே இல்லை. அறையின் மூலையில் ஒரு பெட்டிக்குள் முகம் புதைத்து உட்கார்ந்து, விரலை அசைத்தார். அங்கே இயந்திரக் கைகள் அசைந்தன. வெட்ட வேண்டிய இடத்தைக் கண்ணால் பார்த்துக் குறித்தார். சிவந்த குடல், செழித்த குடல், சந்தேகப்பட ஏதுமில்லாத குடல். பிறகு சாயம் ஏற்றினார்கள். இருண்ட திரையில் பச்சை மெல்ல ஊர்ந்து வந்தது. வந்தது, வந்தது, குறித்த இடத்துக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. அதற்கப்பால் இருட்டு. கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்த இடத்துக்கு ரத்தமே வரவில்லை.

டாக்டர் தன் குறியை அழித்தார். பச்சை ஒளிர்ந்த பக்கமாகத் தள்ளி வெட்டினார். இரண்டு முனைகளும் ஒளிர்ந்த பிறகே தைத்தார். தையல் ஆறியது.

பெரியோர்களே, நான் கேட்கிறேன். அனுபவம் இல்லாத கண்ணா அது? அக்கறை இல்லாத கையா அது? இல்லையே. எல்லாம் ஒரே நிறமாக இருக்கும் இடத்தில் எந்தக் கண்ணும் ஏமாறும். குடலில் ஏமாறும், குடும்பத்தில் ஏமாறும், கொடியின் கீழும் ஏமாறும். ரத்தம் ஓடாத இடத்தைக் காட்ட வேறொரு நிறம் உள்ளே வர வேண்டியிருக்கிறது. வந்ததற்காக வருந்துவதா? வழி காட்டியதற்காக வரவேற்பதா? வலப்பக்கத்தாரையும் கேட்கிறேன், இடப்பக்கத்தாரையும் கேட்கிறேன். உங்கள் உள்ளே இருட்டாகிப்போன இரண்டு விரற்கடையை உங்களுக்கு யார் காட்டுவார்கள்?

கைதட்டுகிறவர்களுக்கு நன்றி. தட்டாத பெரியவர்கள் கமிட்டி கூடித் தீர்மானித்துப் பிறகு தட்டலாம்.

மூன்றாவது வரிசையில் அப்பா எழுந்து நிற்கிறார். முகம் சிவந்திருக்கிறது. அஸைனாரிக்கா மேடையிலிருந்து அவரை உட்காரச் சொல்லிச் சைகை காட்டுகிறார். வேண்டாம் இக்கா, நிற்கட்டும். அவர் இப்படித் தன் காலில் நின்று என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நாம் கோழிக்கோட்டுக்குப் போனோம்.

பேச இடம் தந்த வாசகசாலைக்கு நன்றி. இதுவரை என்னை நிறுத்தாத அப்பாவுக்கும் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.