சோகப் பாட்டுக்கு முன்னால் அழுதவர்

தங்கச் சுரங்கத்தில் காலை ஷிப்டுக்கு ஷாஃப்டில் இறங்க, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஆண்டர்சன்பேட்டை முனுசாமியும் அவருடைய கூட்டாளியும் நின்றார்கள். முந்தின நாள் சாயங்காலம் துரைமார் கிளப்பில் முனுசாமிதான் பங்கா, அதாவது கூரையில் தொங்கும் துணி விசிறியைக் கயிற்றால் இழுத்தார்.

"பாட்டு நடுவுல அழுதேன்னு தொரை திட்டிட்டாருப்பா" என்றார் அவர்.

"இன்னாண்ணே பாட்டு?" என்று கேட்டார் கூட்டாளி.

"ஒரு தொரை பிடில், ஒரு தொரசாணி பியானோ. மொதல்ல சந்தோசமாம், அப்பால சோகமாம். நான் சந்தோசத்துலயே அழுதுட்டேன்."

"நேத்து காலையிலதானே உங்க தம்பிய பொதைச்சோம்? லீவு கேக்கலியா?"

"கேட்டேன். பங்கா நின்னா தொரசாணிக்கு வேர்க்குமாம்."

"தம்பி செத்ததத் தொரைகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. 'அப்படின்னா கொஞ்சம் பொறுத்துக்கோ, சோகப் பாட்டு இன்னும் வரலே'ன்னாரு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். முனுசாமி திரும்பவில்லை.

"அந்தப் பாட்டு வந்தப்பவாவது அழுதீங்களா?"

"எங்க அழறது? அதுக்குள்ள அவங்க எல்லாரும் அழ ஆரம்பிச்சுட்டாங்க. நான் பங்கா இழுத்தாதானே அவங்க கண்ணீரு காயும்?"