மாப்பிள்ளையின் மீசைக்கு ஒரு பிரஷ்

கோலசிலாங்கூரிலிருந்து ரவாங் போகும் பத்தேகால் பஸ்ஸில், ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையிலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

“மாப்பிள்ளைக்குத் தெரியாம அவன் மீசைய சொரண்டி எடுத்துட்டேன், மச்சான்.”

சுற்றியிருந்தவர்களின் பேச்சு நின்றது. சொன்னவர் போட்டோ கடைக்காரர் என்பது அவர் மடியிலிருந்த பெரிய கல்யாணப் படத்தால் தெரிந்தது.

“எதால எடுத்த?” என்று பக்கத்திலிருந்த மச்சான் கேட்டார்.

“பிளேடாலதான். படத்துல அழுக்குன்னு நெனச்சேன் லா. மொத்தமே பத்து முடி. நாலு மாசமா வளர்த்தானாம்.”

“வேற பிரிண்ட் போட்டுக் குடேன்.”

“மழையில கடை ஒழுகி நெகட்டிவ் எல்லாம் ஒட்டிக்கிச்சி. அஞ்சு மணிக்குப் பொண்ணோட வந்து நிப்பான். பிரஷால வரைஞ்சிதான் ஆகணும்.”

“எந்த பிரஷ் வாங்கப் போற?”

“சைபர் நம்பர்னா முடி ஒன்னு ஒன்னா போடலாம். கை நடுங்குச்சின்னா பூனை மீசைதான்.”

“ரெண்டாம் நம்பர்?”

“ஒரே இழுப்புல முடிஞ்சிடும். ஆனா தோட்டத்துல ஆள் மேய்க்கிற மண்டோர் மீசை மாதிரி தடிப்பா வந்துரும்.”

மச்சான் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்டக்டரும் எட்டிப் பார்த்தார்.

“நாலு மாசமா அவன் அந்த மாதிரி தடிப்பான மீசைக்குத்தானே ஆசப்பட்டான்?” என்றார் மச்சான்.

கடைக்காரர் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ரவாங் வந்ததும் அதைக் கவனமாகத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

“அப்ப ரெண்டாம் நம்பரே வாங்குவோம். முறுக்கு மட்டும் வேணாம் லா, பொண்ணு பயந்துரும்.”